‘இனி சங்கம் எதற்கு?’ என்று கேட்பவர்களுக்கு

2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் பக்கம் சாம்சங் தொழிலாளர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். சம்பளம், வேலை நேரம் பற்றியும் கேட்டார்கள். ஆனால் 37 நாள் நீடித்த அந்த வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கை, தாங்கள் அமைத்த சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும், நிர்வாகம் அதோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பதுதான். அந்த நாட்களில் தொலைக்காட்சி விவாதத்திலும் டீக்கடையிலும் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே குரல் கேட்டது: “பஸ் விடுகிறார்கள், கேன்டீன் இருக்கிறது, சம்பளமும் பரவாயில்லை. இனி சங்கம் எதற்கு?”

இப்படிக் கேட்டவர்களில் பெரும்பாலோர் முதலாளிகள் இல்லை, மாதச் சம்பளக்காரர்கள். அதனால் அவர்கள் வாதத்தைக் குறைத்துக் காட்டாமல் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வது இதுதான்: அந்தக் காலத்தில் சங்கம் தேவைப்பட்டது, மறுக்கவில்லை. இன்றைக்குச் சட்டம் இருக்கிறது, ஆய்வாளர் இருக்கிறார், நீதிமன்றம் இருக்கிறது. இயந்திரங்களும் முன்புபோல் இல்லை. நாடு வளர வளர விபத்தும் குறைந்துவிடும். சங்கத்துக்கு மிச்சமிருக்கும் ஒரே வேலை, வருகிற முதலீட்டை விரட்டுவது.

வேலையிடத்தில் செத்தவர்களின் வரலாற்றைக் கொஞ்சம் நின்று படித்தவர் யாரும் இதை ஒப்புக்கொள்ள முடியாது.

டாக்காவை ஒட்டிய சாவரில், 2013 ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை, ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் விரிசல் விட்டது. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் என்று கட்டிய இடம் அது. மேல் மாடிகளை அனுமதியில்லாமல் ஏற்றி, கட்டடத்தில் ஐந்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளை நடத்தினார்கள். கனத்த ஜெனரேட்டர்களையும் மேலேயே வைத்திருந்தார்கள். விரிசலைப் பார்த்துத் தொழிலாளர்கள் வெளியே ஓடிவந்தார்கள். பார்வையிட வந்த பொறியாளர் கட்டடம் ஆபத்து என்றார். உள்ளூர்த் தொலைக்காட்சியில் செய்தியும் வந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மறுநாள் கடைகளும் திறக்கவில்லை.

மறுநாள் காலை தையல் தொழிலாளர்கள் மட்டும் அந்த வாசலில் நின்றார்கள். உள்ளே போகத் தயங்கியவர்களை மேற்பார்வையாளர்கள் மிரட்டினார்கள்: வராவிட்டால் மாதச் சம்பளம் கிடையாது. போனார்கள். ஒன்பது மணிக்கு முன்பாக மின்சாரம் நின்றது, ஜெனரேட்டர்கள் ஓடின, கட்டடம் தட்டுத்தட்டாக உட்கார்ந்தது. 1,134 பேர் இறந்தார்கள்.

சட்டம் போதும் என்பவர்கள் இந்த 24 மணி நேரத்தை எடுத்துக்கொண்டு விளக்கம் சொல்லட்டும். வங்கதேசத்தில் கட்டட விதிகள் இருந்தன. 2006-ல் இயற்றிய தொழிலாளர் சட்டம் இருந்தது. அந்தத் தொழிற்சாலைகளில் சிலவற்றைச் சர்வதேசத் தணிக்கை நிறுவனங்கள் வந்து பார்த்துச் சான்று கொடுத்துவிட்டுப் போயிருந்தன. பொறியாளரின் எச்சரிக்கை இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற விரிசலே இருந்தது. ஐந்து தொழிற்சாலைகளில் ஒன்றில்கூட இல்லாமல் போனது சங்கம் மட்டுமே. வங்கி ஊழியருக்கும் தையல்காரருக்கும் ஒரே கட்டடம், ஒரே விரிசல், ஒரே சட்டம். ஒரு தரப்பை வேலை கொடுத்தவர்களே வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னொரு தரப்பு தானாக ஒதுங்கி நிற்க நினைத்தும் முடியவில்லை. மாதச் சம்பளம் போனால் வாடகை கட்ட முடியாத ஒரு பெண், மேற்பார்வையாளர் முகத்தைப் பார்த்துத் தனியாக ‘மாட்டேன்’ என்று எப்படிச் சொல்வாள்? 3,000 பேர் சேர்ந்து சொன்னால் அதை மிரட்டி முறிக்க எந்த மேற்பார்வையாளராலும் ஆகாது. சேர்ந்து சொல்வதற்கு முன்கூட்டியே ஓர் ஏற்பாடு வேண்டும். அதற்குப் பெயர்தான் சங்கம்.

‘அது ஏழை நாடு, வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்ற பதில் உடனே வரும். சரி, நியூயார்க்குக்கே போவோம்.

1911-ல் உலகத்தின் பணக்கார நகரங்களில் ஒன்று அது. அங்கே டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலை, பத்துமாடிக் கட்டடம் ஒன்றின் மேல் மூன்று தளங்களில் இயங்கியது. தீப்பிடிக்காத கட்டடம் என்று சொல்லிக் கட்டியது, பத்து வருடப் பழமைதான். தீயணைக்கும் நீர்த்தெளிப்பான்கள் அப்போதே சந்தையில் இருந்தன, அங்கே பொருத்தவில்லை. மார்ச் 25, சனிக்கிழமை மாலை, வேலை முடியும் நேரத்தில் எட்டாவது தளத்தில் தீப்பிடித்தது. ஒன்பதாவது தளத்தில் ஒரு பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது. பெண்கள் துணியைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று, எல்லோரும் ஒரே வழியாகப் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியேற வேண்டும் என்று, பூட்டி வைப்பது வழக்கம். வெளிப்புற இரும்பு ஏணி பாரம் தாங்காமல் பெயர்ந்து விழுந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது தளத்தைத் தாண்டி எட்டவில்லை. ஜன்னல் வழியாகக் குதித்தவர்களையும் சேர்த்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடியேறிகளின் பெண்பிள்ளைகள். கட்டடத்துக்குப் பெரிய சேதமில்லை, இன்றும் நிற்கிறது.

இதில் என்னை உலுக்குவது தீயைவிட, அதற்கு முந்திய கதை. 1909 இறுதியில் நியூயார்க்கின் சட்டை தைக்கும் பெண்கள் 20,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். டிரையாங்கிள் பெண்களும் அதில் இருந்தார்கள். நேரம், கூலி மட்டும் கேட்கவில்லை; பூட்டாத கதவு வேண்டும், ஒழுங்கான தீவழி ஏணி வேண்டும் என்றும் கேட்டார்கள். பல தொழிற்சாலைகள் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. டிரையாங்கிள் மறுத்துவிட்டது. கூலியில் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து, சங்கத்தை ஏற்காமலேயே பெண்களைத் திரும்ப வரவழைத்தது. கதவு பூட்டியபடியே இருந்தது. அடுத்த வருடம் என்ன நடக்கும் என்று அந்தப் பெண்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் கையில் சாவி இல்லை.

உரிமையாளர்கள் இருவரும் வழக்கில் விடுதலையானார்கள். பின்னர் உரிமையியல் வழக்கில், இறந்த ஓர் ஆளுக்கு 75 டாலர் கொடுத்து முடித்தார்கள். இருவரில் ஒருவர் 1913-ல் வேறொரு தொழிற்சாலையில் மறுபடியும் கதவைப் பூட்டிப் பிடிபட்டார். அபராதம் 20 டாலர். முதலாளியின் மனசாட்சி வேலையாளைக் காப்பாற்றும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த 20 டாலர் பதில் சொல்லும். நிலைமையை மாற்றியது, சங்கங்களும் அவற்றோடு நின்ற பெண்களும் வீதியில் எழுப்பிய குரல். அதன் விளைவாக நியூயார்க் மாநிலம் ஒரு விசாரணை ஆணையம் அமைத்தது. தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் அதில் உறுப்பினர். அந்தச் சனிக்கிழமைத் தீயைத் தெருவில் நின்று கண்ணால் பார்த்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் அதற்காக உழைத்தார்; பின்னாளில் அமெரிக்கத் தொழிலாளர் துறை அமைச்சரும் ஆனார். வெளிப்புறமாகத் திறக்கும் கதவு, தீயணைப்புப் பயிற்சி, நீர்த்தெளிப்பான் என்று முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் சில வருடங்களில் வந்தன. செல்வம் வளர்ந்ததால் தானாக வந்த பாதுகாப்பு அதில் ஒன்றுகூட இல்லை.

இயந்திரம் காப்பாற்றும் என்ற வாதத்துக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. போபால் ஆலையில் கருவிகளுக்குக் குறைவில்லை. விஷவாயுத் தொட்டியைக் குளிர வைக்கும் சாதனம் இருந்தது. 1984 நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். கசியும் வாயுவை எரிக்கும் கோபுரம் இருந்தது. அதற்குப் போகும் குழாயைக் கழற்றி வைத்திருந்தார்கள். செலவைக் குறைக்க, அந்தப் பிரிவில் ஒரு ஷிப்டுக்கு 12 பேர் இருந்ததை 6 ஆக்கினார்கள். 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் வாயு பட்டு ஒரு தொழிலாளி இறந்தபின், ஆபத்து இருக்கிறது என்று சங்கத்தினர் ஊரில் சுவரொட்டி ஒட்டினார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1984 டிசம்பர் 2 இரவு நடந்தது உலகத்துக்கே தெரியும். 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, அபாயகரமான ஆலைகளில் தொழிலாளர் பிரதிநிதிகள் பாதியளவு இருக்கும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றார்கள். ஆபத்து தெரிந்தால் நிர்வாகத்திடம் சொல்லும் உரிமையும் அப்போதுதான் எழுத்தில் வந்தது. சுவரொட்டி ஒட்டிச் சொன்னவர்களின் பேச்சுக்குச் சட்டத்தில் இடம் கிடைக்க, ஒரு நகரமே மூச்சுத் திணறிச் சாக வேண்டியிருந்தது.

இந்தச் சட்டங்கள் மேலிருந்து இறங்கி வந்த கொடை என்ற எண்ணமே தவறு. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ல் வந்தது. அதன் பின்னால் லங்காஷயர் ஆலை முதலாளிகளின் போட்டிப் பயமும் இருந்தது. சங்கத்தின் கை படாத அந்தச் சட்டம், ஏழு வயது நிரம்பிய குழந்தையை ஒரு நாளில் ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம் என்றது. வளர்ந்தவர்களின் நேரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஞாயிறு விடுமுறையைப் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் என்.எம்.லோகண்டே தலைமையில் கேட்டுக் கேட்டு, 1890-ல்தான் வாங்கினார்கள். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் ஆலையில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்திலும் கூலி உயர்வோடு ஞாயிறு விடுமுறை ஒரு கோரிக்கை. ஞாயிற்றுக்கிழமை காலை சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டு ‘சங்கம் எதற்கு’ என்று தட்டச்சு செய்கிறவருக்கும் சேர்த்து வாங்கிய விடுமுறை அது.

சென்னையில் 1918 ஏப்ரல் 27-ல் மெட்ராஸ் லேபர் யூனியன் உருவானது. பெரம்பூர் பக்கத்து பின்னி ஆலைத் தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விடும் அரை மணி நேரம் போதவில்லை என்பது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் அவர்களைத் திரட்டினார்கள். வாடியா தலைவரானார், திரு.வி.க. தோள் கொடுத்தார். இந்தச் சங்கத்துக்கு நீதிமன்றம் என்ன செய்தது தெரியுமா? தொழிலாளர்களை ஒப்பந்தம் மீறத் தூண்டினார்கள் என்று கம்பெனி வழக்குப் போட, வாடியாவுக்கும் மற்றவர்களுக்கும் எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் தடையாணை கொடுத்தது. கூடிப் பேசுவதே அன்றைக்குச் சட்டப்படி ஆபத்தான காரியம். அந்த அதிர்ச்சியில் என்.எம்.ஜோஷி 1921-ல் மத்தியச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். தொழிற்சங்கச் சட்டம் 1926-ல் வந்தது. சட்டத்துக்கு முன்பே சங்கம் வந்துவிட்டது. சட்டத்தைப் பெற்றெடுத்ததும் அதுதான்.

இப்போது சிவகாசிப் பக்கம். பட்டாசுத் தொழிலுக்கு இருக்கிற அளவு விதிகள் வேறு எந்தத் தொழிலுக்கும் இருக்காது. மருந்து செலுத்தும் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது. அன்றைய கலவை அன்றைக்கே தீர வேண்டும், மிச்சத்தை அழித்துவிட வேண்டும். அறைக்கும் அறைக்கும் இத்தனை தூரம், மரத்தடியில் வேலை கூடாது, உரிமத்தை உள்குத்தகைக்கு விடக் கூடாது. எல்லாம் தாளில் இருக்கிறது. அறைக்குள் பாருங்கள்: புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்ட பெண்கள் தரையில் உட்கார்ந்து குழாய்க்குள் மருந்து செலுத்துகிறார்கள். முழங்கைவரை அலுமினியப் பவுடர் வெள்ளியாக ஒட்டியிருக்கும். கழுவினாலும் நகக்கண்ணில் மிச்சம் நிற்கும். கூலி எண்ணிக்கைக்கு. தீபாவளி நெருங்க நெருங்க எண்ணிக்கை ஏறும், நாலு பேர் அறையில் எட்டுப் பேர் ஆவார்கள்.

விபத்து நடந்த மறுநாள் நாளிதழ் எழுதும் வாக்கியத்தை நாம் எல்லோரும் மனப்பாடமாக அறிவோம்: மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடித்தது, போர்மேன் கைது, இழப்பீடு அறிவிப்பு. உராய்வுதான் குற்றவாளி என்பதுபோல. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 40 பேர் அளவில் இறந்தார்கள். விதிமீறலுக்காக அந்த ஆலையின் உரிமம் அதற்கு முன்பே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. சட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது. ஆலையும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபது பேருக்கும் மேல் இறந்தபோது, அறைகளை ஆளாளுக்கு உள்குத்தகைக்கு விட்டிருந்தது தெரியவந்தது. வருடத்தில் ஒரு நாள் வந்து போகும் ஆய்வாளர் ஐந்தாவது ஆள் உள்ளே வருவதைப் பார்க்க மாட்டார். பார்ப்பது அங்கே உட்கார்ந்திருக்கும் நாலு பெண்கள். ‘அஞ்சாவது ஆள் வந்தா நாங்க எந்திரிச்சிருவோம்’ என்று அவர்கள் சொல்லவும், சொன்ன மறுநாளும் அவர்களுக்கு வேலை இருக்கவும் வழி செய்யாதவரை, அந்த விதிப் புத்தகம் கறிக்கு உதவாத ஏட்டுச் சுரைக்காய். அங்கே சங்கங்கள் இல்லாமல் இல்லை; இழப்பீட்டுக்காக அவைதான் அலைகின்றன. உள்குத்தகையில் முதலாளி யார் என்றே தெரியாத இடத்தில், பேச்சுவார்த்தைக்கு எதிரே உட்கார ஆளில்லை.

முதலீடு ஓடிவிடும் என்ற பயத்துக்கு வருகிறேன். ராணா பிளாசாவுக்குப் பிறகு, 2013 மே மாதத்தில், சர்வதேசத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகள் ஐரோப்பிய ஆடை நிறுவனங்களை உட்கார வைத்து, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கின. இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்தன. 1,600-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைப் பொறியாளர்கள் சோதித்தார்கள். அறிக்கைகளை எல்லோரும் படிக்க வெளியிட்டார்கள். பூட்டுப் போடும் கதவுகளைக் கழற்றினார்கள், தூண்களைப் பலப்படுத்தினார்கள். ஆபத்தான இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு எழுத்தில் கிடைத்தது. தொழில் ஓடியதா? 2012-13-ல் சுமார் 2,100 கோடி டாலராக இருந்த வங்கதேச ஆடை ஏற்றுமதி, 2018-19-ல் 3,400 கோடி டாலரைத் தொட்டது. பம்பாய் ஆலைகளை 1982 வேலைநிறுத்தம் மூடிவிட்டது என்று இன்னும் சொல்கிறார்கள். அந்தப் போராட்டத்தில் சங்கத்தின் கணிப்புத் தவறியது உண்மை. ஆனால் பழைய தறிகளை மாற்றாமல், விசைத்தறிக்கு வேலையைத் தள்ளிவிட்டு, ஆலை நிலத்தின் விலையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்களை அந்தக் கதையில் யாரும் சேர்ப்பதில்லை.

சங்கங்கள் சுத்தம் என்று நான் வாதாடவில்லை. 1921 பின்னி வேலைநிறுத்தம் சாதியால் இரண்டாகப் பிளந்து புளியந்தோப்பில் இரத்தம் சிந்தியது. ஒரே ஷெட்டில் ஒரே வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளியை நிரந்தரத் தொழிலாளியின் சங்கம் உறுப்பினராகச் சேர்க்காத அவமானம் இன்றும் இருக்கிறது. இது இன்னும் அகலமான சங்கம் வேண்டும் என்பதற்கான காரணம். திண்டுக்கல் அருகே ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் 2021-ல் ஒரு தலித் பெண் தொழிலாளியை அவருடைய மேற்பார்வையாளரே கொன்றார். கட்சி பலம் எதுவும் இல்லாத, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் நின்றது. 2022-ல் அந்த ஆலையோடும் அதனிடம் துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களோடும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டது. பாலியல் தொல்லை நடந்தால் உடனே சொல்ல, தொழிலாளர்களிலேயே பெண் கண்காணிப்பாளர்கள் அதன்படி தளத்தில் அமர்த்தப்பட்டார்கள். வேலையிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான விசாகா தீர்ப்பு வந்தது 1997-ல். சட்டம் வந்தது 2013-ல். இரண்டும் இருந்தும் அந்தப் பெண் செத்தாள்.

தி.நகர் துணிக்கடைக்குள் நுழைந்து, விற்பனைப் பெண்களின் கால்களைப் பாருங்கள். அவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டம் இயற்றியது. கேரளத்தில் 2018-லேயே வந்ததற்குக் காரணம், துணிக்கடைப் பெண்கள் சங்கம் சேர்ந்து வருடக்கணக்கில் போராடியது. நமக்கு அந்தச் சட்டம் போராட்டமில்லாமல் கிடைத்தது. எத்தனை கடையில் அந்தப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டு வாருங்கள்.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்த பிறகு, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். சங்கத்தின் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லப்படும் இதே காலத்தில்தான் இது நடந்தது.

2025 நவம்பரில் ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இதற்கு எதிர்த்திசையில் போகின்றன. மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்தது 20 ஆகிவிட்டது; மின்சாரம் இல்லாத இடத்தில் 20 என்பது 40. முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த வேலைநிறுத்த முன்னறிவிப்பு எல்லாத் தொழிலுக்கும் வந்துவிட்டது. 14 நாள் முன்பே சொல்ல வேண்டும். பாதிப் பேர் சேர்ந்து ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தக் கணக்கு. செவ்வாய்க்கிழமை தூணில் விரிசலைப் பார்த்த தொழிலாளர்கள் புதன்கிழமை காலை சேர்ந்து வெளியே நின்றால், அது சட்டவிரோதம் என்று வழக்குப் போட இதில் இடமிருக்கிறது. ஆபத்தை நிர்வாகத்திடம் தெரிவிக்கலாம் என்கிறது சட்டம். ராணா பிளாசாவில் நிர்வாகத்துக்குத் தெரியாமலா இருந்தது?

ஸ்வீடனில் 1970-களிலிருந்து ஓர் ஏற்பாடு இருக்கிறது. சங்கம் தேர்ந்தெடுக்கும் பாதுகாப்புப் பிரதிநிதி, உயிருக்கு உடனடி ஆபத்து என்று கருதினால், அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தலாம். ஆய்வாளர் வந்து முடிவு சொல்லும்வரை வேலை நிற்கும். அதற்காக அவரிடம் யாரும் நஷ்டஈடு கேட்க முடியாது. ஸ்வீடனின் தொழில்கள் அதனால் நாட்டை விட்டு ஓடிவிடவில்லை. நம் அரசமைப்பில் தொழிலாளர் துறை பொதுப் பட்டியலில் இருக்கிறது. 12 மணி நேரச் சட்டத்தை இயற்றத் தெரிந்த தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு இதையும் இயற்ற முடியும். சங்கங்கள் இதை அடுத்த கோரிக்கையாக எடுக்க வேண்டும்: நிறுத்தி வைத்த நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது, நிறுத்தியவரை வேலையிலிருந்து அனுப்பக் கூடாது. 20 பேருக்குக் குறைந்த பட்டறைக்கும், உள்குத்தகை அறைக்கும், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சேர்த்தே அதை எழுத வேண்டும்.